நீலம் படாத இடம்

ரிவால்வர் மூன்றாவது தடவையும் கீழே விழுந்தது.

விழுந்த இடத்தில் நல்லவேளையாக ரப்பர் பாய் விரித்திருந்தார்கள். லண்டனின் ஸ்ட்ரெதமில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்டபம் அது. காலையில் சின்னப் பிள்ளைகள் உருண்டு விளையாடுவார்கள், மத்தியானத்துக்குப் பிறகு நாடக ஒத்திகை நடக்கும். சுவரில் காகிதத்தில் வெட்டிய ஒட்டகச்சிவிங்கி ஒன்று நின்று, விழுந்த துப்பாக்கியைக் குனிந்து பார்ப்பதுபோல் இருந்தது.

டெனுசன் வலது கையை மடித்து மார்போடு வைத்துக்கொண்டான். இடது கையில் லாந்தர் விளக்கு அசையாமல் இருந்தது.

"முன்வரிசை உன் முழங்காலுக்கு இரண்டடி தூரத்தில் இருக்கும்," என்றாள் இயக்குநர் நெல். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு கிலோ இரும்பு யாருடைய காலிலாவது விழுந்தால் நாடகம் அன்றோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு இன்னொரு தடவை பார்ப்போம். அன்றைக்கும் விழுந்தால் கடைசிக் காட்சியை உனக்குப் பதிலாக ஜாக் செய்யட்டும்."

கடைசிக் காட்சிதான் நாடகமே. பாலைவனத்து ஊர் ஒன்றில் கடை வைத்திருப்பவன், கொள்ளைக்காரனுக்கு முன்னால் ஒரு கையில் விளக்கும் மறுகையில் ரிவால்வருமாக நின்று, மூன்று முறை துப்பாக்கியின் பின்னாலுள்ள 'குதிரை' எனும் சுத்தியலை நிமிர்த்தி, மூன்று முறையும் சுடாமல் இறக்கிவைப்பான். ஒரு வசனமும் இல்லை. 'கிளிக்' என்ற சத்தம் மட்டும். அதை எடுத்துவிட்டால் டெனுசனுக்கு மிஞ்சுவது முதல் அங்கத்தில் சூப் கொண்டுவரும் வேலை. இருபத்தொன்பது வயதில் அவனுக்கு முதன்முதலாகக் கிடைத்த பெரிய பாத்திரம் இது.

சுவரோரம் நின்ற யசோதினி போய் ரிவால்வரை எடுத்துத் துடைத்து, பூட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். அதன் பிடியைச் செய்தவள் அவள்தான்.

அவள் வேலை செய்யும் பட்டறை கோலியர்ஸ் வுட்டில், ஆற்றங்கரையோரம், ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் இருந்தது. நாடகங்களுக்குத் தேவையான பொருள்களைச் செய்யும் இடம். பழைய டெலிபோன், உடைந்தாலும் காயப்படுத்தாத போத்தல், ஓர் அரசனின் வெட்டுண்ட தலை என்று எல்லாம் அங்கே தட்டுகளில் அடுக்கியிருக்கும். துப்பாக்கிகள் மட்டும் இரும்பு அலுமாரிக்குள். இந்த ரிவால்வரும் சுடாது, குழலின் உள்ளே இரும்பு அடைத்திருக்கும். இருந்தாலும் தெருவில் பார்ப்பவருக்கு அது தெரியாதே. அதனால் முதலாளி ரோவனின் வான் வண்டியில், பூட்டிய பெட்டியில், அனுமதிக் கடிதத்தோடு மட்டும்தான் அது வெளியே போகலாம். போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு பதிவேட்டில் எழுதவேண்டும். அதில் கடைசிக் கட்டம்: 'திரும்பும் நாள்'. யசோதினி இதுவரை அதில் 'இன்று' என்றே எழுதிவந்தாள்.

பழைய வகை ரிவால்வர் என்பதால் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். கட்டைவிரல் பிடியை விட்டு மேலே போகும் அந்த நொடியில் துப்பாக்கியைத் தாங்குவது கீழ் விரல்கள். டெனுசனின் வலது கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் இல்லை. கட்டைவிரல் எழும்பியதும் குழல் தலை குனிந்துவிடும். இலேசான பிளாஸ்டிக் துப்பாக்கி கொடுக்கலாம் என்றார் ரோவன். அதில் கிளிக் சத்தம் வராது என்றாள் நெல்.

ஆகவே யசோதினி புதுப் பிடிச்சட்டம் ஒன்று செய்தாள். துப்பாக்கியின் உடலோடு திருகாணிகளால் பொருந்தும் பித்தளைச் சட்டம் அது. மரத் துண்டுகள் அதன் இரண்டு பக்கமும் ஒட்டிநிற்கும். சாதாரணப் பிடியைவிட நீளமாக, அடியில் ஒரு வால் வைத்து, இல்லாத இரண்டு விரல்களின் இடத்தை அந்த வால் நிரப்பி உள்ளங்கையின் ஓரத்தில் அழுத்தி நிற்கும்படி வளைத்திருந்தாள். மேசையில் பார்க்க அழகாக இருந்தது. கையில் நிற்கவில்லை.

"சறுக்குது," என்றான் டெனுசன் முதல் தடவை. அவள் மரத்தில் குறுக்குக் கோடுகள் வெட்டிச் சொரசொரப்பாக்கினாள். "இன்னும் கொஞ்சம் சறுக்குது," என்றான் இரண்டாவது தடவை. அவள் வாலைத் தடிப்பாக்கினாள். இன்றைக்கு அது இன்னும் வேகமாக விழுந்தது.

ஏன் சறுக்குகிறது என்று அவள் கேட்கவே இல்லை. அவளுடைய வீட்டில் அதற்கு ஒரு விதி இருந்தது. வீட்டுக்கு வருபவர்களில், இலங்கைப் போரில் செல் என்ற எறிகணை பட்டு, காலை இழுத்து நடப்பவர் உண்டு, ஒரு கண் மூடியே இருப்பவர் உண்டு. "ஆரின்ர காயத்தையும் நாங்களாக் கேக்கப்படாது. சொல்லவேணும் எண்டா அவையே சொல்லுவினம்," என்று அப்பா இராஜேந்திரன் அவளுக்கு ஐந்து வயதிலேயே சொல்லியிருந்தார். யாருக்கு எந்தக் கையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுப்பது என்று பார்க்காமலே பார்க்க அவளுக்குத் தெரியும். டெனுசனின் கையை அளந்தபோதும் அவள் அடிமட்டத்தின் எண்களை மட்டும்தான் பார்த்தாள். அவன் கையை ஓய்வாக விரித்து வைத்திருந்தான். அவளும் அதையே வரைந்துகொண்டாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு டெனுசன் பட்டறைக்கு வந்தான். ஒரு மணிக்கு டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவனுக்கு ஷிப்ட்.

"என்ன, எனக்கு வால் இன்னும் வளந்திட்டுதோ?" என்றான் துப்பாக்கியைப் பார்த்து.

"பகிடி விடாமல் கொஞ்சம் நில்லுங்கோ அண்ணை. சட்டம் உடம்போட சரியாப் பொருந்துதோ எண்டு பாக்கப்போறன். அது ஆடினாலும் சறுக்கும்."

சட்டத்தின் விளிம்பில் அவள் நீலமை பூசினாள். டூத்பேஸ்ட் போல் குழாயில் வரும் தடித்த மை அது. பொருத்திக் கழற்றினால் உலோகம் உலோகத்தோடு முட்டும் இடமெல்லாம் நீலம் ஒட்டியிருக்கும், முட்டாத இடம் சுத்தமாக இருக்கும். எங்கே அரத்தால் ராவவேண்டும் என்று மை காட்டிக்கொடுக்கும். அவள் பொருத்தினாள், கழற்றினாள். நீலம் ஒழுங்காகவே ஒட்டியிருந்தது. சட்டத்தில் பிழை இல்லை.

கையில் தூரிகையோடு சற்றுநேரம் நின்றாள். பிறகு மரப்பிடி முழுவதற்கும் நீலத்தைப் பூசத் தொடங்கினாள்.

"ஏய், ஏய்! எனக்கு மத்தியானம் வேலை இருக்கு."

"கழுவலாம்."

"போகுமா?"

"ரெண்டு மூண்டு நாளில போயிடும். பிடியுங்கோ. குதிரையை இழுங்கோ. விழப்போகுது எண்டா விழட்டும், நான் கீழ பிடிக்கிறன்."

அவன் பிடித்தான், கட்டைவிரலை மேலே கொண்டுபோனான், பல்லைக் கடித்தான். துப்பாக்கி அவளுடைய கைகளுக்குள் வந்து விழுந்தது.

"கையைக் காட்டுங்கோ."

உள்ளங்கை முழுவதும் நீலம். நடுவிரலின் அடியில், கட்டைவிரல் மேட்டில், ரேகைகளின் பள்ளத்தில்கூட. சுண்டுவிரல் இருந்திருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே, பிடியின் வால் மிக அழுத்தமாக முட்டவேண்டிய இடத்தில் மட்டும், ஐம்பது பென்ஸ் நாணயமளவில் ஒரு சுத்தமான தோல் தீவு. கை அந்த இடத்தில் குழிந்து வாலிடமிருந்து விலகி ஓடியிருந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் வாலைத் தடிப்பாக்க, அது இன்னும் தூரமாக ஓடியிருக்கிறது.

முதன்முறையாக அவள் அந்தக் கையை நேராகப் பார்த்தாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே?"

"கேள்."

"இந்த இடம் நோகுதா?"

டெனுசன் மேசையிலிருந்த அரசனின் தலையைப் பார்த்தான்.

"நோ எண்டு இல்லை. கரண்ட் அடிக்கிறமாதிரி. தொட்டா முழங்கை வரைக்கும் போகும். கை தன்ர பாட்டில திறந்திடும்."

"அப்ப சறுக்குது எண்டு சொன்னனீங்கள்?"

"சறுக்குது எண்டா அது உன்ர வேலை. நோகுது எண்டா அது என்ர கதை. பிறகு எல்லாரும் முகத்தைத் தொங்கப்போடுவினம்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. நான் முதலே கேட்டிருக்கவேணும். எங்கட வீட்டில செல் பட்ட ஆக்களிட்ட ஒண்டும் கேக்கக்கூடாது எண்டு..."

"எந்தச் செல்?"

யசோதினி கையிலிருந்த ரிவால்வரை மேசையில் வைத்தாள்.

"யசோ, நான் ரெண்டாயிரத்து நாலாம் ஆண்டு, எட்டு வயசில, ஹீத்ரோவில இறங்கினனான். கையில பத்து விரல். கால்ல பத்து." அவன் நீலக் கையைத் தூக்கிக் காட்டினான். "இது வெம்பிளிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. பத்தொன்பது வயசு. மாக் குழைக்கிற மெஷின்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது என்று நினைத்ததில் அது மூக்கால் வந்தது. டெனுசனும் சிரித்துவிட்டான்.

"ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஆரும் கேட்டாத்தானே? ஆறு வருசத்துக்கு முதல், டூட்டிங் கடையில முதல்நாளே ஒரு அன்ரி என்ர கையைப் பாத்திட்டு அழுதா. நான் என்ன, 'அன்ரி, அது ரொட்டி மா' எண்டு சொல்லுறதோ? ஒரு கிழமை போச்சு, ஒரு வருசம் போச்சு. பிறகு எப்பிடிச் சொல்லுறது? எனக்குக் கதிரை விட்டு எழும்பினவை இருக்கினம்."

"கடையில என்ன வேலை?"

"கொத்து ரொட்டி."

"கொத்திறது ஆர்?"

"நான்தான்."

"இந்தக் கையாலயா?"

"ரெண்டு கையாலயும்தான் கொத்தவேணும். ஒரு கையால கொத்தினா அது புட்டு."

அவள் கைகழுவும் இடத்துக்கு ஓடினாள். "நில்லுங்கோ, நானும் வாறன்."

இருவரும் 57இல் ஏறி டூட்டிங் போனார்கள். பஸ்ஸில் எதிரே இருந்த குழந்தை, நீலக் கையைப் பார்த்துக்கொண்டே வந்து, இறங்கும்போது அதற்கு டாட்டா காட்டியது.

அப்பர் டூட்டிங் றோட்டில் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் டெனுசன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கைக்கு மெல்லிய கையுறை போட்டு, ரொட்டி கொத்தும் இரும்புத் தட்டகம் சூடாகும்வரை காத்திருந்தான். ரொட்டித் துண்டுகள் விழுந்தன, முட்டை விழுந்தது, வெங்காயம் விழுந்தது. கொத்தும் இரும்புத் தகடுகள் இரண்டையும் எடுத்தான். கடை முழுவதும் சத்தத்தால் நிரம்பியது. டக்க டக்க, டக்க டக்க. வலது தகடு இடது தகட்டைவிட ஓங்கி விழுந்தது. பத்து நிமிடம் நிற்காமல் கொத்தினான். தகடு ஒருமுறைகூட அசைந்து விலகவில்லை.

யசோதினி கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தகட்டை ஒருக்காக் காட்டுங்கோ."

இடது தகட்டின் மேல்விளிம்பில் துணி ஒரே சீராகச் சுற்றியிருந்தது. வலது தகட்டில் அப்படியில்லை. கட்டைவிரல் பக்கம் தடிப்பாக, மேடுபோல். சுண்டுவிரல் பக்கம் துணியே இல்லை. அங்கே அவன் கை தகட்டைத் தொடவே இல்லை. பிடி முழுவதும் கட்டைவிரலின் அடிமேட்டுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஆழமாக உட்கார்ந்திருந்தது.

"இதை ஆர் சுத்தினது?"

"நான்தான். ஒவ்வொரு மாசமும் பழுதாப் போகும், திரும்பச் சுத்துவன். கை கேக்கிற இடத்தில கொஞ்சம் கூட வைப்பன்."

"ஆறு வருசமாச் சரியான பிடி ஒண்டைச் செய்து வச்சுக்கொண்டு, என்னட்ட வந்து சறுக்குது சறுக்குது எண்டு நிண்டிருக்கிறியள்."

"அது துணி, யசோ. இது துப்பாக்கி எண்டு நினைச்சன்."

இல்லாத விரல்களின் இடத்தை நிரப்பவே அவள் இத்தனை நாளும் பாடுபட்டிருந்தாள். அந்தக் கைக்கு அந்த இடம் தேவையே இல்லை. இருக்கும் மூன்று விரல்களுக்குள் வேலையை முடித்துக்கொள்ள அது எப்போதோ பழகிவிட்டிருந்தது.

கையின் அச்சு வேண்டும் என்று அவள் கேட்டதும் டெனுசன் கையுறையைக் கழற்றி, ரொட்டி மாவில் ஓர் உருண்டை எடுத்தான். "இது தண்ணி கூட," என்று அதை விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் மா சேர்த்து இறுக்கமாகக் குழைத்து, கொத்தும்போது பிடிப்பதுபோலவே அதை அழுத்திப் பிடித்தான். விரல்களின் தடம் தெளிவாக விழுந்தது. பட்டறையில் அச்செடுக்கும் களிமண்ணில்கூட இவ்வளவு தெளிவாக ஒரு தடமும் விழுந்ததே இல்லை.

அப்போதுதான், முதல்நாளே அவன் கையைப் பார்த்து அழுத பாலாம்பிகை அன்ரி பரோட்டா வாங்க வந்தார். கையுறை கழற்றிய கையைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ தம்பி! என்னடா இது, ரத்தம் கட்டிப்போச்சோ? பழைய காயமோ?"

டெனுசன் யசோதினியைப் பார்த்தான். யசோதினி மா உருண்டையைப் பார்த்தாள்.

"இல்லை அன்ரி, இது மை. மற்றது... அந்தக் காயம்... அது செல் இல்லை அன்ரி. மாக் குழைக்கிற மெஷின். இஞ்சதான், வெம்பிளியில."

அன்ரி மையை விரலால் தேய்த்துப்பார்த்தார். தட்டகத்தில் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது.

"ஆறு வருசமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உனக்கெண்டு கோயில்ல ஒரு விளக்கு வைக்கிறன்," என்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. இனி வைக்காதேங்கோ."

"விசரே உனக்கு? விரல் செல்லில போனா என்ன, மெஷினில போனா என்ன? போனது போனதுதானே." அவர் பையை எடுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த முதலாளியில கேஸ் போட்டனியோ?"

"போட்டனான். அந்தக் காசிலதான் நடிக்கப் படிச்சனான்."

"அப்ப சரி," என்றார் அன்ரி, முழுத் திருப்தியோடு. "ஆறு பரோட்டா. சம்பல் கூடப் போடு."

வியாழக்கிழமை காலை யசோதினி உறைந்துபோன மா உருண்டையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தபோது, ரோவன் தேநீரோடு வந்து எட்டிப்பார்த்தார்.

"இது உன் மதிய உணவா, உன் வேலையா?"

"வேலை."

"நாளைக்கு இரண்டு மணிக்குள்?"

"ஒரு மணிக்குள்."

பழைய சட்டத்தை அவள் தொடவில்லை. உதிரிப் பெட்டியிலிருந்து இன்னொரு பித்தளைச் சட்டத்தை எடுத்து, அடியில் இரண்டு அங்குலத்தை இரும்பறுக்கும் வாளால் அறுத்தெறிந்தாள். மிச்சத்தைச் சூடாக்கி, பறவையின் தலைபோல் உள்ளே சுருண்டு நிற்கும்படி வளைத்தாள். குட்டையான பிடி. அதில் ஒரு சிக்கல் வந்தது. குதிரையை இழுத்துப் பிடிக்கும் பட்டை ஸ்பிரிங்கின் கால், பிடிக்குள் கீழேதான் திருகப்பட்டிருக்கும், இப்போது அந்தக் கீழ்ப்பகுதியே இல்லை. மேலே புதுத் துளை போட்டாள். ஸ்பிரிங் குறுகியதும் குதிரை கல்லுப்போல் இறுகிவிட்டது. ஸ்பிரிங்கைச் சாணைக்கல்லில் வைத்து, சூடேறாமல் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து, மெல்லியதாக்கினாள். ஒவ்வொரு தடவையும் மாட்டிப்பார்த்து, இழுத்துப்பார்த்து, திரும்பக் கழற்றினாள். பதினோராவது தடவை குதிரை அவளுடைய சுண்டுவிரலுக்கே அசைந்தது. கிளிக் சத்தம் குறையவில்லை. அது ஸ்பிரிங்கால் வருவதல்ல, உள்ளே பல் பல்லில் விழுவதால் வருவது. அதை அவள் காதருகே வைத்து நாலைந்து தடவை கேட்டாள், ஒரு காரணமும் இல்லாமல்.

பிறகு மரம். வால்நட் கட்டையில் கட்டைவிரல் பக்கம் மேடு வைத்து, நடுவிரலுக்கு ஒரு பள்ளம் வெட்டினாள். உள்ளங்கையின் ஓரம் வரும் இடத்தில் மரத்தை இன்னும் குடைந்து, ஒரு சின்னக் கிண்ணம்போல் விட்டாள்.

வெள்ளிக்கிழமை டெனுசன் பத்தரைக்கே வந்துவிட்டான். பழைய நீலம் இன்னும் நகங்களின் ஓரத்தில் இருந்தது. அவள் புதுப் பிடிக்கு நீலம் பூசினாள்.

"திரும்பவுமா?"

"பிடியுங்கோ."

அவன் பிடித்தான். குதிரையை இழுத்தான். இந்தத் தடவை பல்லைக் கடிக்கவில்லை. குழல் இம்மியளவு குனிந்தது, பள்ளத்தில் பதிந்த நடுவிரல் பிடியைத் தாங்க அப்படியே நின்றது. அவள் கீழே ஏந்திய கைகள் வெறுமனே காத்திருந்தன.

"கையைக் காட்டுங்கோ."

உள்ளங்கை முழுவதும் நீலம். சுண்டுவிரலின் இடத்துக்குக் கீழே அதே ஐம்பது பென்ஸ் அளவில் சுத்தமான தோல். போன தடவை கை ஓடி ஒளிந்த இடம். இந்தத் தடவை அவள் விட்டுவைத்த இடம்.

"கரண்ட்?"

"இல்லை," என்றான். திரும்ப இழுத்தான். "இல்லை யசோ." திரும்ப இழுத்தான். ரோவன் வந்து "போதும், வண்டியில் ஏறுங்கள்," என்று சொல்லும்வரை இழுத்துக்கொண்டே இருந்தான்.

இரண்டு மணிக்கு நெல் மண்டபத்தின் விளக்குகளை அணைத்தாள். லாந்தரின் வெளிச்சத்தில் ஒட்டகச்சிவிங்கியின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஜாக் கொள்ளைக்காரனின் தொப்பியோடு எதிரே நின்றான். அவனுடைய கையில், தேவைப்பட்டால் என்று, கடைசிக் காட்சியின் பக்கங்கள் சுருட்டியிருந்தன.

டெனுசன் நடந்துவந்து நின்றான். ரிவால்வரை உயர்த்தினான்.

கிளிக்.

குதிரையை மெதுவாக இறக்கினான். யசோதினி மூச்சை விட்டாள்.

கிளிக்.

இரண்டாவது கிளிக்கில்தான் போன ஒத்திகையில் விழுந்தது. லாந்தரின் சுவாலை அவன் மூச்சில் ஆடியது. துப்பாக்கி ஆடவில்லை. குதிரை இறங்கியது. அதன் பிறகு அவன் நெடுநேரம் ஒன்றும் செய்யவில்லை. மறந்துவிட்டானா என்று யசோதினி பயந்தாள். மறக்கவில்லை. முதன்முறையாக அவன் தன் கையைப் பார்க்காமல் எதிரே நின்றவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜாக் தன்னையறியாமல் ஓர் அடி பின்னால் வைத்தான்.

கிளிக்.

நெல் விளக்கைப் போட்டாள். "இன்னொரு தடவை," என்றாள். அவன் செய்தான். "இன்னொரு தடவை." செய்தான். ஐந்தாவது தடவைக்குப் பிறகு அவள் கதிரையில் சாய்ந்துகொண்டாள்.

"அந்த நிறுத்தத்தை எங்கிருந்து எடுத்தாய்?"

"எந்த நிறுத்தம்?" என்றான் டெனுசன்.

"சரி, கேட்கவில்லை. அப்படியே வைத்துக்கொள். கை ஏன் நீலமாக இருக்கிறது?"

"கழுவினால் போகாது. இரண்டு மூன்று நாளாகும்."

"அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கிறது. போகட்டும். ஜாக், அந்தப் பக்கங்களை மேசையில் வை. எல்லோரும் முதல் அங்கத்துக்கு வாருங்கள்."

ஜாக் பக்கங்களை வைத்துவிட்டு, போகிற போக்கில் டெனுசனின் தோளில் தட்டினான். "நல்லவேளை, நான் தப்பினேன். அந்த லாந்தரே ஒரு கிலோ இருக்கும்," என்றான்.

யசோதினி சுவரோரம் குந்தியிருந்து பதிவேட்டை மடியில் விரித்தாள். ரிவால்வர் இனி நாடகம் முடியும்வரை நாடகக் குழுவின் பூட்டிய அலுமாரியில் இருக்கும். பொருள், எண், கொண்டுவந்தவர் பெயர் எல்லாம் எழுதினாள். கடைசிக் கட்டத்தில் பழக்கத்தில் 'இ' என்று தொடங்கிவிட்டு, வெட்டினாள்.

'திரும்பும் நாள்: நவம்பர் 22' என்று எழுதினாள். அது நாடகத்தின் கடைசி நாள். எழுதி முடித்தபோது கட்டத்தின் ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல் நீலமாகப் பதிந்திருந்தது.